அக்கானி முதல் பஞ்ச் வரை – 120 பேருக்கு என்ன கொடுப்பது?



ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. இங்கே கனடாவில் பெரிய வங்கிகளுக்கு அக்டோபர் 31-ஆம் தேதிதான் வருஷக் கணக்கு முடிகிற நாள். அந்தச் சமயத்தில் எங்களுக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாமே 'அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி'தான். அது முடிந்த கையோடு வீட்டில் ஒரு விசேஷம். எங்களுக்குக் கல்யாணமாகி 20 வருஷம் ஆனதற்காக டொராண்டோவில் ஒரு ஹால் பிடித்து, தெரிந்தவர்களைக் கூப்பிட்டு ஒரு சின்ன விருந்து. 'சின்ன' என்று ஆரம்பித்தது 120 பேரில் வந்து நின்றது. (நம்ம ஆட்களிடம் சின்ன விருந்து என்று ஒன்று உண்டா என்ன?)

ஹால்காரர் ஒரு படிவம் கொடுத்தார். சாப்பாடு, மேஜை விரிப்பு, பூ என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றையும் மனைவி நிரப்பிவிட்டாள். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி: 'விருந்தினருக்கு என்ன காக்டெயில்?' அதை என் தலையில் கட்டிவிட்டாள்.

நான் பி.காம். எந்தப் பிரச்சினையையும் முதலில் இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டுப் பார்ப்பதுதான் பழக்கம். அழைப்புப் பட்டியலை எடுத்து எண்ணினேன். 19 வயதுக்குக் கீழே 28 பேர் (ஒன்டாரியோவில் 19 வயது ஆகாமல் மது கொடுக்கக் கூடாது). குடிக்கவே குடிக்காதவர்கள் 47. குடிப்பவர்கள் 45. ஆக, அந்தக் கட்டத்தில் நான் எதை எழுதினாலும் 75 பேருக்கு அதில் பங்கில்லை.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். வயது 73. பாறசாலைக்குத் தெற்கே, களியக்காவிளைக்குப் போகிற வழியில் அம்மாவின் ஊர். படிவத்தோடு நான் முழிப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"இங்கெல்லாம் நாலு பேருக்கு ஊத்திக் குடுக்காம விருந்து நடக்காதும்மா."

"ஊத்திக் குடு மக்கா, நான் வேண்டான்னு சொல்லல்ல. குடிக்காதவனுக்கு என்னத்தக் குடுக்கப் போற?"

"கோக், பெப்சி, ஆரஞ்சு ஜூஸ்..."

"வீட்டு விசேஷத்துக்கு வந்தவனுக்குக் கடத்தண்ணியா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். பதில் தேடப் போய், எங்கள் எல்லைப்புறத்துச் சரித்திரத்தில் கொஞ்சம் தூரம் நடக்க வேண்டியதாகிவிட்டது. நீங்களும் கூட வாருங்கள்.

முதலில் ஊர். அப்பாவின் ஊர் கள்ளிக்காடு. நெய்யாறு அணையின் காலடியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. பாறசாலை சட்டமன்றத் தொகுதிக்குள் வரும். பெயரைக் கேட்டதும் இங்குள்ள நண்பர்கள், "ஓ, கள்ளுக் காடா!" என்று சிரிப்பார்கள். ஐயா, அது கள் இல்லை, கள்ளி! அப்பா வழியில் ரப்பரும் மரச்சீனியும். அம்மா வழியில்தான் பனை. அம்மாவின் அப்பாவை நாங்கள் பாட்டா என்போம். பாட்டா பனையேறி. அந்த வேலையை மறைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்களில் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் கல்லூரியில் கட்டிய முதல் ஃபீஸ் கருப்பட்டி விற்ற காசு.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகப் பனை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பனையின் உச்சியில் பாளை விடும். பனையேறி அதைப் பதமாக நசுக்கி, நுனியைச் சீவி, அடியில் ஒரு மண் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். பாளையிலிருந்து சொட்டுச் சொட்டாக இனிப்பு நீர் வடியும். அதில் சர்க்கரை கிட்டத்தட்ட 12 சதவீதம். காலையிலும் மாலையிலும் ஏறி, பாளையை மறுபடி சீவி, கலயத்தில் சேர்ந்ததை இறக்க வேண்டும். பாட்டா நல்ல காலத்தில் தினமும் 35 பனை ஏறினார் என்று அம்மா சொல்வார். அதுவும் இரண்டு வேளை!

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். எங்கள் பக்கத்துப் பேச்சில் அக்கானி. யாழ்ப்பாணத்து நண்பர் இதைக் கருப்பநீர் என்கிறார். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் அதே நீர் கலயத்திலேயே நொதிக்க ஆரம்பித்துவிடும். அதுதான் கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் பெருக முடியாது, அவ்வளவுதான் விஞ்ஞானம். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று, ஏறுகிற ஆளும் ஒன்று. ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். குழந்தை குடிப்பதா, குடிகாரன் குடிப்பதா என்பதை மரம் தீர்மானிப்பதில்லை, கலயம் கட்டுகிறவர் தீர்மானிக்கிறார்.

விசேஷ வீட்டில் அக்கானி எப்படிக் கொடுப்பார்கள் தெரியுமா? பந்தல் ஓரத்தில் பெரிய அண்டா. அதில் வடிகட்டிய அக்கானி. மாங்காய்க் காலமாக இருந்தால் பொடிப்பொடியாக நறுக்கிய மாங்காய், நுங்கு கிடைத்தால் நுங்கு. குருத்தோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். இனிப்பு, புளிப்பு, கடிக்க ஒரு துண்டு, ஓலை வாசனை... இன்றைக்கு ஹோட்டலில் இதற்கு ஒரு நீளமான பெயர் வைத்து 15 டாலர் வாங்குவார்கள். பனை ஓய்ந்த காலமாக இருந்தால் கருப்பட்டியில் பானகம், அல்லது சுக்குவெள்ளம். எதுவானாலும் ஒரே அண்டா. வந்தவர் அத்தனை பேருக்கும் அதே.

'அத்தனை பேருக்கும்' என்று சுலபமாக எழுதிவிட்டேன். அந்த வார்த்தைக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பனையேறுகிறவர்கள் ஏணிக்கு ஒரு வரி, காலில் மாட்டும் தளைக்கு ஒரு வரி கட்டிய காலம் உண்டு. ஏணிக்காணம், தளைக்காணம் என்று பெயர். வங்கியில் எத்தனையோ விதமான கட்டணம் பார்த்திருக்கிறேன், ஏணிக்குக் கட்டணம் போட்டவனைப் பார்த்ததில்லை. வரி கட்டியும் மரியாதை கிடைக்கவில்லை. அந்தச் சாதிப் பெண்கள் மாரை மறைத்து உடுத்துவதற்கே வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 1859-ல்தான் மகாராஜா அதற்கு அனுமதி கொடுத்தார், அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. இப்படிப்பட்ட ஊரில் ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோரும் குடிப்பது என்பது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். அவர் இறக்கிய அக்கானி வேண்டும், அவர் கைபட்ட தண்ணீர் வேண்டாம்.

அதை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் அய்யா வைகுண்டர் (1809–1851). கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் சாமித்தோப்பில் இன்றும் முத்திரிக் கிணறு இருக்கிறது. எல்லாச் சாதி மக்களும் ஒரே கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அவர் ஏற்படுத்தியது. அது வெறும் கிணறுதானே என்று இப்போது தோன்றலாம். தண்ணீர்தான் முதல் விருந்து. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கையில் கொடுப்பது தண்ணீர்தானே?

அப்படியே வடக்கே கொஞ்சம் போனால், எங்கள் நெய்யாற்றங்கரையிலேயே அருவிப்புறம் வரும். 1888-ல் ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்த இடம். அந்தக் கோயில் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. குரு பிறந்த ஈழவ சமுதாயத்தில் பலருக்குக் கள் இறக்குவது தொழில். அந்த மக்களிடமே அவர் மதுவை நஞ்சு என்று சொல்லி, செய்ய வேண்டாம், கொடுக்க வேண்டாம், குடிக்க வேண்டாம் என்றார். கொடுக்கிறவனையும் அவர் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். விருந்து வைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நடு வார்த்தைதான் முக்கியம்.

குரு கல்யாணச் செலவைக் குறைக்கவும் ஒரு வழி சொன்னார். கல்யாணத்துக்குப் பத்தே பேர் போதும்: மணமக்கள் இருவர், இரண்டு பக்கத்துப் பெற்றோர் நால்வர், ஆளுக்கொரு தோழர், புரோகிதர் ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர். இதை என் மனைவியிடம் சொன்னேன். "நம்ம லிஸ்ட்ல 110 பேரை நீங்களே கூப்பிட்டு வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்று ஃபோனைக் கையில் கொடுத்துவிட்டாள் :-)

குருவின் சீடர் சகோதரன் ஐயப்பன் 1917 மே 29 அன்று செறாயியில் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பிடச் செய்தார். மிசிரபோஜனம் என்று பெயர். அதற்காகச் சொந்தச் சாதிக்காரர்களே அவரைத் தள்ளி வைத்தார்கள். ஆக, எங்கள் பக்கத்தில் ஒரே கிணறு, ஒரே பந்தி, ஒரே அண்டா எல்லாம் தானாக வந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு வந்தது எல்லைக்கோடு. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவில் நின்றுவிட்டது. அம்மாவின் ஊர் இந்தப் பக்கம், அம்மாவின் அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம், இடையில் களியக்காவிளை. கோடு போட்டவர்கள் பனைமரத்தைக் கேட்டுப் போடவில்லை.

அந்தக் கோட்டால் கலயத்துக்கு என்ன ஆனது என்று பாருங்கள். சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியிருந்தது. 1956-ல் குமரி மாவட்டம் போய்ச் சேர்ந்தது அந்த மதுவிலக்கு ராஜ்யத்தில். கேரளத்தில் பல இடங்களில் இருந்த மதுவிலக்கு 1967-ல் நீங்கியது. தமிழ்நாட்டில் 1971-ல் கடைகள் திறந்தன, 1974-ல் மூடின, 1981-ல் மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1-லிருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி தடை. கள்ளுக்கு அந்தத் தடை இன்றும் இருக்கிறது, அரசாங்கமே நடத்தும் டாஸ்மாக் மட்டும் 2003-லிருந்து சில்லறை வியாபாரம் செய்கிறது. கேரளத்தில் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு. சாராயத்துக்கு 1996 ஏப்ரல் 1-ல் தடை வந்தது.

சுருக்கமாகச் சொன்னால், இந்தப் பக்கத்துப் பனையில் சுண்ணாம்பில்லாத கலயம் கட்டினால் அது லைசென்ஸ் தொழில். நாலு பர்லாங்கு தள்ளி, அதே சாதிப் பனையில், அதே மாமன் மச்சான் கட்டினால் போலீஸ் கேஸ். அம்மாவின் ஊரில் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் நம் வீட்டு விசேஷம் எப்போது என்று விசாரிப்பார்கள். விசேஷத்துக்கு அல்ல, பாறசாலை ஷாப்புக்கு! கள்ளுக்கு மட்டுமல்ல, பிறகு தண்ணீருக்கும் அந்தக் கோடு வந்தது. கள்ளிக்காட்டில் நிற்கும் நெய்யாறு அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் 2004-ல் நின்றது.

இப்போது என் வீட்டுக் கதை. இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1987, மே மாதம். எனக்கு 9 வயது. சித்தி கல்யாணம். தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் நின்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்து ஆண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பாட்டா சபைக்காரர். எல்.எம்.எஸ். மிஷனரிகள் 1840-களிலேயே பாறசாலையில் வந்து தங்கி வேலை செய்தவர்கள். அந்தச் சபையில் வளர்ந்த பாட்டா ஆயுசு முழுக்கச் சுண்ணாம்பு தடவாத கலயத்தைக் கட்டியதில்லை. பந்தலில் இரண்டு அண்டா அக்கானி. நான்தான் பட்டை எடுத்துக் கொடுக்கிற ஆள். எத்தனை பட்டை போனது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன் (வங்கிப் புத்தி அப்போதே இருந்திருக்கிறது).

பந்தலில் இருந்தது எல்லோருக்கும். வீட்டுக்குப் பின்னால், வைக்கோல் போருக்கு மறைவில், ராத்திரி இன்னொன்று நடந்தது. கடையிலிருந்து சாராயம் வந்திருந்தது. கொடுத்தவர் யார், எவ்வளவு என்று கேட்க ஆள் இல்லை. ஒரு பித்தளைச் சொம்பு கைமாறிக் கைமாறிப் போனது. அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரிய மாமா, பாட்டாவோடு ஏறுகிறவர். அதிகம் பழக்கம் இல்லாதவர். அன்றைக்குத் தங்கச்சி கல்யாணம், சம்பந்தி வீட்டார் நீட்டினார்கள், மறுத்தால் மரியாதை இல்லை என்று வாங்கிக் குடித்திருக்கிறார்.

பனைக்கு ஞாயிறும் கல்யாணமும் கிடையாது. பாளையை ஒரு வேளை சீவாமல் விட்டால் ஊற்று நின்றுவிடும். விடியற்காலையில் மாமா ஏறினார். மூன்றாவது பனையில் விழுந்தார். முதுகெலும்பு போய்விட்டது. ஆறு வருஷம் படுக்கையில் இருந்து 1993-ல் போய்ச் சேர்ந்தார். மாமி அண்டியாபீசுக்கு வேலைக்குப் போய் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மூத்தவன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினான். என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், என்னைவிடக் கணக்கு நன்றாகப் போடுவான்.

பாட்டா யாரையும் திட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரே ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாராம்: "பந்தல்ல வச்சுக் குடுத்திருந்தா, எவ்வளவு குடிச்சான்னு நானாவது பாத்திருப்பேன்." அக்கானியைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷன் சொன்ன வார்த்தை இது. அதனால்தான் அம்மா என்னிடம் 'ஊத்தாதே' என்று சொல்லவில்லை.

சரி, டொராண்டோவுக்கு வருவோம். காக்டெயில் என்று தேட ஆரம்பித்தால் உலகச் சரித்திரமும் கடைசியில் நம் வாசலுக்கே வருகிறது.

காக்டெயில் என்ற வார்த்தைக்கு அச்சில் முதலில் விளக்கம் வந்தது 1806-ல், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில்: ஏதாவது ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு. அது ஒரு கிளாஸ், ஒரு ஆளுக்கான சரக்கு. கூட்டத்துக்கான கலவை அதற்கும் முந்தையது. அதற்குப் பெயர் பஞ்ச். 1862-ல் ஜெர்ரி தாமஸ் என்ற அமெரிக்க பார்டெண்டர் போட்ட புத்தகம்தான் இந்தத் தொழிலின் முதல் கையேடு என்பார்கள். அதுவும் பஞ்சில்தான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பஞ்ச் எங்கிருந்து வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் கடிதத்தில் 1632-லேயே அந்த வார்த்தை வருகிறது. 1670-களில் இந்தியாவில் சுற்றிய ஜான் ஃப்ரையர் என்ற ஆங்கிலேய டாக்டர், அதில் ஐந்து பொருள் இருப்பதால் இந்துஸ்தானியின் 'பாஞ்ச்' என்பதிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று எழுதி வைத்தார். அந்த ஐந்து: சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா. கப்பலில் கொண்டுவந்த பீரும் ஒயினும் வெயிலில் கெட்டுப்போக, இங்கே கிடைத்த பனை, தென்னைச் சாராயத்தை அவர்கள் கலந்து குடித்தார்கள். கம்பெனிக்காரர்கள் 1644-ல் பண்டகசாலை போட்ட விழிஞ்ஞம் எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான் இருக்கிறது. பிறகு 1690-களில் வடக்கே அஞ்சுதெங்கில் கோட்டையே கட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு அந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதினேன். சாராயத்தை மட்டும் அடித்தேன். மிச்சம் எலுமிச்சை, இனிப்பு, தண்ணீர், மசாலா. இது என்ன? நம்ம பானகம்! ஐந்தில் நான்கு எல்லோருக்கும் பொது, ஐந்தாவது மட்டும்தான் தனி. ஆங்கிலேயர் ஐந்தையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிக் கலக்கியதால் குழந்தையும் குடிக்காதவரும் அந்தக் கிண்ணத்துக்கு வெளியே போனார்கள். குடித்தவருக்கும் எவ்வளவு குடித்தோம் என்று தெரியாமல் போனது. இனிப்பும் புளிப்பும் சாராயத்தின் காட்டத்தை மறைத்துவிடும் அல்லவா? எங்கள் மாமா குடித்த பித்தளைச் சொம்பும் அதே கதைதான். அளவில்லை.

எனவே படிவத்தில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: கிண்ணத்தில் நான்கு, ஐந்தாவது கவுண்டரில், அளந்து.

அடுத்த தடவை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு உதவும் என்று கணக்கையும் கொடுத்துவிடுகிறேன். ஒரு ஆளுக்கு 150 மில்லி கிளாஸில் 2 கிளாஸ், 120 பேருக்கு 36 லிட்டர். கொஞ்சம் கையிருப்போடு 40 லிட்டர். அதற்கு 4 கிலோ கருப்பட்டி (தமிழ்க் கடையில் வாங்கினேன். காய்ச்சி வடிகட்டாமல் கலக்காதீர்கள், அடியில் மண் இருக்கும்). எலுமிச்சைச் சாறு 1.6 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 55 பழம். சுக்கு 150 கிராம், ஏலக்காய் 40 கிராம், இரண்டு சிட்டிகை உப்பு. கருப்பட்டிப் பாகில் சுக்கும் ஏலக்காயும் போட்டு முந்தின நாளே காய்ச்சி வைத்துவிடலாம். எலுமிச்சையை விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் சேருங்கள், முதல் நாளே சேர்த்தால் கசக்கும். ஐஸைக் கிண்ணத்தில் போடாமல் கிளாஸில் போடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் வருகிறவருக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

ஐந்தாவது சரக்குக்கு இலங்கைத் தென்னஞ்சாராயம். இங்கே ஒரு 'டிரிங்க்' என்றால் 40 சதவீதச் சரக்கு 43 மில்லி. 750 மில்லி பாட்டிலில் 17 அளவு வரும். 45 பேருக்கு ஆளுக்கு இரண்டு, மொத்தம் 90. ஆறு பாட்டில். அதற்குமேல் வாங்கவில்லை. கவுண்டரில் முறையாகப் பயிற்சி எடுத்த பையன் அளந்து, அதே பானகக் கிளாஸில் ஊற்றித் தருவான். பார்ப்பதற்கு எல்லார் கையிலும் ஒரே கிளாஸ், ஒரே நிறம். யார் கிளாஸில் ஐந்து, யார் கிளாஸில் நான்கு என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. "ஏன் நீங்க எடுக்கலை? ஒண்ணே ஒண்ணு!" என்று வற்புறுத்தவும் ஆள் இல்லை. வண்டி ஓட்டிப் போகிறவருக்கும், மருந்து சாப்பிடுகிறவருக்கும், முதல் தடவை மறுக்கக் கூச்சப்படுகிற 20 வயதுப் பையனுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விருந்து முடிந்தது. நாலரை பாட்டில்தான் செலவானது. 40 லிட்டர் பானகத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லை. என் வெள்ளைக்கார மேனேஜர் மூன்று கிளாஸ் பானகம் குடித்துவிட்டு, இது எந்த ஊர் ரம் என்று கேட்டார். ஒரு ஊர் ரம்மும் இல்லை என்றதும் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து நண்பர், "கருப்பநீர் மணம் அடிக்குதடா" என்று ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவரை நானும் தொந்தரவு செய்யவில்லை.

அம்மா ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் சின்ன அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, பிறகு கிளாஸில் கவிழ்த்தான். கொஞ்ச நேரம் கழித்து நான் ஒரு பானகம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.

"கொள்ளாம் மக்கா. சுக்கு கொஞ்சம் கூடிப்போச்சு."

"அடுத்த தடவை குறைச்சிடுறேன்மா."

"அந்தப் பையன் நல்லா அளக்கான்" என்றார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நண்பர்களே, உங்கள் ஊர் விசேஷ வீடுகளில் வந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக என்ன கொடுப்பார்கள்? நன்னாரியா, நீர்மோரா, பானகமா, கூழா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். அளவும் சேர்த்துக் கேட்டு வையுங்கள். அதுதான் முதலில் மறந்துபோகிறது.

அடுத்த பதிவில் பார்ப்போம்.